திருகு பம்பின் கழுத்து

சட்னி அரைக்கும் மிக்ஸி ஜாரை அன்றாடம் கழுவாத வீடு இல்லை. உட்புறம் பளபளக்கிறது, மூடியும் கைப்பிடியும் தேய்த்து வைக்கப்படுகின்றன. எனினும் அந்த ஜாரைத் தலைகீழாகத் திருப்பி, கத்தியின் தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தை உற்று நோக்கினால், கருமையான பசை போன்றதொரு படிவு அங்கே வளையமாகத் திரண்டிருப்பதைக் காணலாம். சில மாதங்கள் சென்றபின் அவ்விடத்தில் கசிவு ஏற்பட்டு, பழுது பார்ப்பவர் புஷ்ஷையும் ரப்பர் வளையத்தையும் கழற்றி வைக்கும்போது எழும் நாற்றம், அத்தனை நாளும் அரைபட்ட சட்னிகளின் மிச்சத்தை ஒருங்கே அறிவிக்கும். ஜார் நாள்தோறும் கழுவப்பட்டது உண்மை. தண்டு நுழையும் இடம் ஒருநாளும் கழுவப்படவில்லை என்பதும் உண்மையே.

வீட்டில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. அரைத்தது அன்றே உண்ணப்படுகிறது. உண்பவரும் நான்கைந்து பேரே. ஆனால் மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் மாங்கூழையோ, தயிரையோ, சர்க்கரைப் பாகையோ தள்ளும் ஆலைப் பம்பிலும் இதே அமைப்புத்தான் உள்ளது. மோட்டார் வெளியே இருக்கிறது. உணவு உள்ளே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு எங்கேனும் ஓரிடத்தில் சுவரைத் துளைத்துச் சென்றே தீரவேண்டும். சுழலும் தண்டுக்கும் அசையாத சுவருக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை அடைப்பது எப்படி என்பது யந்திர நூல் பயின்றோர்க்குப் பழைய வினா. அடைத்த இடமே கிருமிகளின் குடியிருப்பாக மாறாமல் காப்பது எப்படி என்பது உணவுத் தொழிலுக்கே உரிய வினா. முதல் வினாவுக்கு இந்நாட்டு ஆலைகளில் அளிக்கப்படும் கவனத்தில் கால்பங்குகூட இரண்டாவதற்கு அளிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

திருகினால் ஒரு பொருளைத் தள்ளும் உத்தி மிகப் பழமையானது. நீரை மேலே ஏற்றும் திருகு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்குகிறது. இன்று உணவு ஆலைகளில் பெரிதும் காணப்படும் ஒற்றைத் திருகு பம்பு, விமானத் துறையைச் சேர்ந்த ரெனே முவானோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில் வகுத்தது. முறுக்கிய கம்பி போன்ற உலோக ரோட்டர் ஒன்று, இரட்டைப் புரி கொண்ட ரப்பர் ஸ்டேட்டரினுள் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுழல்கிறது. சுழலும்போது இரண்டுக்கும் இடையே அடைபட்ட குழிகள் உண்டாகி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடைவிடாது நகர்கின்றன. குழியில் அகப்பட்ட உணவு அதிகம் நசுங்காமல், துடிப்பின்றி, சுழற்சியின் வேகத்துக்கு ஏற்ற அளவில் வெளியேறுகிறது. பழத்துண்டுகள் கலந்த கூழும் இதில் சிதையாமல் செல்லும். மற்றொரு வகையான இரட்டைத் திருகு பம்பில், இரண்டு உலோகத் திருகுகள் ஒன்றோடொன்று உராயாமல் பல்சக்கரங்களின் கட்டுப்பாட்டில் பின்னிச் சுழலும்; அங்கே ரப்பர் ஸ்டேட்டர் இல்லை. இரண்டும் சிறந்த பம்புகளே. இரண்டிலும் தண்டு சுவரைத் துளைக்கும் இடம் உண்டு. இரட்டைத் திருகில் அத்தகைய இடங்கள் இரண்டு.

இவ்விடத்தை அடைக்கும் மிகப் பழைய முறை கிளாண்டு பாக்கிங் எனப்படுவது. பின்னிய கயிற்றைத் தண்டைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கி, வெளியிலிருந்து ஒரு தட்டினால் இறுக்குவார்கள். முன்னாளில் இக்கயிறு சணல் நாராலும் கல்நாராலும் பின்னப்பட்டது. வழுவழுப்புக்காக விலங்குக் கொழுப்பில் தோய்த்ததும் உண்டு. சைவ உணவு என முத்திரையிட்டு விற்கப்படும் பண்டங்கள் அத்தகைய கயிற்றை உரசிக்கொண்டு சென்றதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று டெஃப்லான் போன்ற செயற்கை இழைகளாலான கயிறுகள் கிடைக்கின்றன. எனினும் கயிறு கயிறேதான். பின்னலின் இடுக்குகளில் சாறு ஊறும். ஊறியதைக் கழுவி வெளியேற்ற எந்த வெந்நீராலும் இயலாது.

இதிலே ஒரு விசித்திரம் உள்ளது. இத்தகைய பம்பின் அடியில் ஒரு சிறு டப்பா வைக்கப்பட்டிருக்கும். அதில் துளித்துளியாகக் கசிவு விழுந்துகொண்டிருக்கும். ‘இது ஏன் இப்படிச் சொட்டுகிறது?’ என்று பரிசோதிக்க வந்த அதிகாரி வினவினால், ‘சொட்டாவிட்டால் தண்டு சூடேறிக் கயிறு கருகிவிடும், சார். இது இருக்கவேண்டிய கசிவுதான்’ என்று ஃபிட்டர் விடை கூறுவார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, தரை வழுக்காமல் துடைக்கும்படி அறிவுறுத்திவிட்டு அடுத்த அறைக்குச் செல்வார். ஃபிட்டர் கூறியது முற்றிலும் சரி. கிளாண்டு பாக்கிங் சிறிதளவு சொட்டினால்தான் நெடுநாள் உழைக்கும். அதிகாரி கேட்டிருக்கவேண்டிய அடுத்த கேள்வி வேறு: சொட்டும் வழியாக எதுவும் உள்ளே திரும்புவதில்லையா?

வெளியே சொட்டுவதால் உள்ளே எதுவும் நுழையாது என்று எண்ணுவது இயல்பு. பம்பு ஓடும்போதும், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகுந்திருக்கும்போதும் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒற்றைத் திருகு பம்பில் தண்டு நுழையும் இடம் சாதாரணமாக உறிஞ்சும் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. பம்பு தன் மட்டத்துக்குக் கீழுள்ள தொட்டியிலிருந்து கூழை இழுக்குமானால், அவ்விடத்து அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் குறைகிறது. அப்போது ஓட்டத்தின் திசை மாறி, காற்றும் அதனோடு டப்பா ஓரத்துப் புளித்த சாறும் உள்ளே இழுக்கப்படும். பம்பு நின்று, சூடான குழாய் குளிரும்போதும் இவ்வாறே நிகழும். பால் நிலையங்களில் பயிற்சி பெற்றோர் இத்தத்துவத்தை வேறோர் இடத்தில் அறிந்திருப்பார்கள்: பாஸ்சரைசரில் காய்ச்சிய பாலும் காய்ச்சாத பாலும் மெல்லிய தகட்டின் இருபுறமும் ஓடும் பகுதியில், காய்ச்சிய பாலின் அழுத்தமே மிகுந்திருக்கவேண்டும் என்பது விதி. தகட்டில் துளை விழுந்தாலும் நல்லது கெட்டதை நோக்கிக் கசியுமேயன்றிக் கெட்டது நல்லதை நோக்கி வராது. தகட்டுக்கு வற்புறுத்தப்படும் இவ்விதியைத் தண்டின் துளைக்கு வற்புறுத்துவோர் சிலரே. இத்தனைக்கும் பல ஒற்றைத் திருகு பம்புகளைத் திசை மாற்றிச் சுழலச்செய்து, தண்டு நுழையும் பக்கத்தை அழுத்தப் பக்கமாக ஆக்கிக்கொள்ளலாம். அழுத்தம் தாங்கும் ஸீல் பொருத்தியிருந்தால் போதும்.

கயிற்றுக்கு மாற்றாக வந்ததே மெக்கானிக்கல் ஸீல். இதில் இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்தியிருக்கும். ஒன்று தண்டோடு சுழலும். மற்றொன்று சுவரில் நிலைத்திருக்கும். ஒரு ஸ்பிரிங் இரண்டையும் நெருக்கி வைத்திருக்கும். கரி, சிலிக்கன் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு ஆகியவற்றால் இவ்வளையங்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் முகம் எத்துணைச் சமமாக இருக்கவேண்டுமென்றால், அதனை அளவுகோலால் அளக்க இயலாது; ஒளியலைகள் தோற்றுவிக்கும் பட்டைகளைக் கொண்டே அளக்கிறார்கள். ஒரு பட்டை என்பது ஏறக்குறைய 0.3 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்களில் பல ஒன்று முதல் சில மைக்ரான் நீளமுள்ளவை. இரு முகங்களுக்கும் இடையே திரவத்தின் மிக மெல்லிய படலம் ஒன்று நின்று உராய்வைத் தணிக்கிறது. ஈரமான இரு கண்ணாடிச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எளிதில் வழுக்கும்; பிரித்தெடுப்பதோ கடினம். ஆசிரியர்கள் வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம்.

மெக்கானிக்கல் ஸீல் என்றவுடன் சுகாதாரம் தானே வந்துவிடாது. நீர் இறைக்கும் பம்புக்கென அமைந்த ஸீலில் ஸ்பிரிங் உணவின் நடுவே கிடக்கும். அதன் சுருள்களின் இடையே கூழ் புகுந்து தங்கும். உணவுக்கென அமைந்ததில் ஸ்பிரிங் உணவுக்கு அப்பால் மறைக்கப்பட்டிருக்கும். உணவைத் தொடும் பகுதி வழுவழுப்பாகவும், அடைபட்ட மூலைகளின்றியும், கழுவும் நீர் வேகமாகப் பாயும் இடத்திலும் இருக்கும். சர்க்கரைப் பாகு போன்றவை ஸீலின் பின்புறம் கசிந்து உறைந்தால் முகங்கள் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை பம்பைத் தொடக்கியவுடன் உடைந்துவிடும். அதற்காகப் பின்புறம் சிறிது நீர் ஓடவிடுவார்கள். கிருமி நீக்கிய பின்னர் உணவைத் தள்ளும் பம்பில் ஒற்றை ஸீல் போதாது. அங்கே இரண்டு ஸீல்களை வைத்து, நடுவே நீராவியையோ கிருமியற்ற நீரையோ ஓடவிடவேண்டும். வெளியிலிருந்து நுழைய முயலும் கிருமி அந்த நடுப்பகுதியிலேயே மடியும்.

ரப்பர் வளையங்களைப் பற்றித் தனியே கூறவேண்டியிருக்கிறது, ஏனெனில் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிகழ்கின்றன. கடையில் வாங்கும் ஓ-ரிங்குகள் பெரும்பாலும் கருப்பாகவே இருக்கும். பார்வையால் இனம் பிரிக்க இயலாது. ஈ.பி.டி.எம். எனப்படும் ரப்பர் வெந்நீரையும் காஸ்டிக் சோடாவையும் நீராவியையும் நன்கு தாங்கும். எண்ணெய், நெய் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். மிகுந்த சூட்டைத் தாங்காது. விலை மிகுந்த ஃபுளோரோ ரப்பரும் கொதிநிலைக் காரத்தையும் நீராவியையும் எல்லா வகையிலும் தாங்குவதில்லை. அளவு ஒன்றே என்று எண்ணி ஒன்றனுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்திவிட்டால், முதல் வாரத்தில் கசிவு தோன்றாது. வளையம் மெல்ல உப்பியோ வெடித்தோ, அதன் பின்புறம் உணவு புகுவதற்கு வழி திறந்திருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. வெப்பத்தால் ரப்பர் விரிவது எஃகு விரிவதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. கழுவும்போது சூடேறி விரியும் வளையத்துக்குக் காடியில் இடம் இல்லாவிட்டால், அது உணவுப் பக்கமாகப் பிதுங்கி நசுங்கும். குளிர்ந்தபின் சுருங்கி ஒரு கீற்று இடைவெளி விடும். அந்தக் கீற்றே போதுமானது. பிரஷர் குக்கரின் கேஸ்கட்டைக் கழற்றி அதன் காடியைத் துடைத்திருப்போர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிய ஆட்சேபணையைக் கூறியாகவேண்டும். ‘ஃபுட் கிரேடு’ என்னும் சொல் இன்று விளம்பரங்களிலும், டெண்டர் பத்திரங்களிலும், பரிசோதனை அறிக்கைகளிலும் மந்திரம்போல் வழங்குகிறது. துருப்பிடிக்காத எஃகு, அதாவது வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்குவது, இன்ன ரகம். ரப்பர் இன்ன ரகம். ஆகவே பம்பு உணவுக்கு ஏற்றது என்று முடிவு கட்டப்படுகிறது. அச்சொல் பொருளின் தன்மையைக் குறிக்கிறது. அப்பொருள் எந்த வடிவில் அமைந்திருக்கிறது என்பதைக் குறிப்பதில்லை. மிக உயர்ந்த எஃகினால் செய்த மூலையிலும் பால் திரைந்து அழுகும். மிக்ஸி ஜாரும் உயர்ந்த எவர்சில்வரினால் ஆனதுதானே! அமெரிக்கப் பால் தொழிலாரின் 3-ஏ நியமங்களும், 1989-இல் தோன்றிய ஐரோப்பியச் சுகாதாரப் பொறியமைப்புக் குழுவின் வழிகாட்டிகளும் பொருளோடு வடிவத்தையும் வற்புறுத்துகின்றன. உணவைத் தொடும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு மேற்படலாகாது. உள்மூலைகள் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்கவேண்டும். உணவின் பக்கம் திறந்த மரைகள் கூடாது. நிறுத்தியவுடன் பம்பு தானே வடியவேண்டும். இவற்றுள் எதையும் ‘ஃபுட் கிரேடு’ என்ற முத்திரையிலிருந்து அறியமுடியாது.

இந்நாட்டுச் சட்டத்தில் குறையில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, உணவைத் தொடும் சாதனங்கள் அரிக்கப்படாத பொருளால் ஆனவையாகவும் எளிதில் கழுவத்தக்கவையாகவும் இருக்கவேண்டும் என்கிறது. குறை கண்ணோட்டத்தில் இருக்கிறது. சுவரின் ஓடு, தொழிலாளியின் தலைத்தொப்பி, கைகழுவும் தொட்டி, ஈ புகாத வலை ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. அவற்றைக் குறிப்பது எளிது. பம்பின் கழுத்து திறந்தால்தான் தெரியும். திறப்பதற்கு ஒரு ஸ்பானரும் அரைமணி நேரமும், ஆலை நிர்வாகியின் முகச்சுளிப்பைத் தாங்கும் பொறுமையும் வேண்டும்.

மாங்கூழ்த் தொழிலை நோக்கினால் இது தெளிவாகும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூரும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியும் இத்தொழிலின் இரு பெரிய மையங்கள். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் தோதாபுரி மாம்பழமே அங்கே பெருமளவு அரைபடுகிறது. கொட்டையும் தோலும் நீக்கி, கூழாக்கி, சூடேற்றி, கிருமி நீக்கி, குளிர்வித்து, கிருமியற்ற பைகளில் நிரப்பி, 215 கிலோ கொள்ளும் டிரம்களில் அடைத்துக் கடல் கடந்தும் அனுப்புகிறார்கள். சீசன் சில வாரங்களே. லாரிகள் வாசலில் நிற்க, பழம் கனிந்துகொண்டே இருக்க, பம்பை நிறுத்து என்று சொல்லும் துணிவு எவர்க்கும் வராது. சீசன் முடிந்தபின் அதே பம்பு பல மாதங்கள் சும்மா கிடக்கும். ரப்பர் வறண்டு விறைத்துவிடும். அடுத்த ஆண்டு முதல் நாளன்று அப்படியே ஓடத் தொடங்கும். வறண்டு ஓடினால் ஒற்றைத் திருகு பம்பின் ஸ்டேட்டர் சில நிமிடங்களிலேயே கருகி, ரப்பர்த் துணுக்குகள் கூழில் கலக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆலை நடத்துவோர் இதற்குக் கூறும் சமாதானங்கள் இரண்டு. மாங்கூழ் புளிப்புள்ளது, அதில் கொடிய கிருமிகள் வளரா என்பது ஒன்று. பம்புக்குப் பிறகுதானே கூழ் கொதிக்க வைக்கப்படுகிறது, முன்னால் அழுக்கிருந்தால் என்ன என்பது மற்றொன்று. இரண்டையும் அலட்சியமாகத் தள்ளுவதற்கில்லை.

மாங்கூழின் பி.எச். சாதாரணமாக 4.6-க்கு நன்கு கீழே இருப்பதால், பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி அதில் வளராது என்பது உண்மை. ஆயினும் ஈஸ்டும் பூஞ்சையும் புளிப்பில் நன்றாகவே வளரும். புளிப்பையும் சூட்டையும் ஒருங்கே தாங்கும் வித்துகளை உண்டாக்கும் பாக்டீரியாவும் உண்டு; 1982-இல் ஜெர்மனியில் கிருமி நீக்கி அடைக்கப்பட்ட ஆப்பிள் சாறு கெட்டுப்போனபோது அவ்வினம் கவனத்துக்கு வந்தது. இன்று அது அலிசைக்ளோபாசில்லஸ் எனப்படுகிறது. அது மனிதர்க்கு நோய் தருவதன்று. மருந்து நெடி போன்ற ஒரு வாடையைச் சாற்றில் ஏற்றிவிடும். வாங்குபவர் ஒருவர் ஒரு கன்டெய்னர் முழுவதையும் திருப்பி அனுப்ப அந்த வாடை போதும். நட்டம் ஆலையோடு நில்லாது. அடுத்த ஆண்டு மாம்பழத்துக்குக் கிடைக்கும் விலையில் அது விவசாயியையும் வந்தடையும்.

இரண்டாவது சமாதானத்தில் பாதி உண்மை உள்ளது. வெப்பம் கிருமிகளை விகிதத்தில் கொல்கிறது. லட்சத்தில் ஒன்று எஞ்சும் என்றால், முதலில் எத்தனை லட்சம் இருந்தன என்பதே எஞ்சுவதைத் தீர்மானிக்கிறது. சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா ஒன்று, உணவும் இடமும் குறையாதிருந்தால், பத்து மணி நேரத்தில் நூற்றேழு கோடியாகும். முப்பது முறை இரண்டால் பெருக்கும் இக்கணக்கை மாணவர்கள் கரும்பலகையிலேயே போட்டுப் பார்க்கலாம். இரவு நின்று காலையில் ஓடும் பம்பின் கழுத்துக்குக் கிடைப்பதும் அதே பத்து மணி நேரந்தான். இதனினும் முக்கியமானது, வெப்பம் கிருமியைக் கொன்றாலும் கிருமி விட்டுச்சென்ற நச்சைச் சில சமயம் கொல்வதில்லை என்பது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் பாலுணவு அருந்திய 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மின்சாரம் நின்ற நேரத்தில் பால் வெதுவெதுப்பாகத் தேங்கியதால் உண்டான ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு, பின்னர் காய்ச்சித் தூளாக்கிய பிறகும் அழியாமல் இருந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அது ஸீலினால் நேர்ந்ததன்று. ஆனால் பின்னால் காய்ச்சுகிறோமே என்னும் ஆறுதலின் எல்லையை அது காட்டுகிறது.

கண்ணுக்கு மறைந்த இடத்தில் தேங்குவது என்ன செய்யும் என்பதற்கு 2008-இல் கானடாவில் நேர்ந்தது சான்றாகும். பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளை உண்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் லிஸ்டீரியா கிருமியால் மாண்டனர். ஆலை நாள்தோறும் கழுவப்பட்டு வந்ததுதான். வெட்டும் பொறிகளின் ஆழத்தில், வழக்கமான கழுவுதல் எட்டாத இடங்களில் அக்கிருமி குடியிருந்திருக்கவேண்டும் என்று பின்னர் கருதப்பட்டது. லிஸ்டீரியா குளிர்ப்பெட்டியின் குளிரிலும் பெருகுவது. ஆகவே ஐஸ்கிரீம், பனீர், ஸ்ரீகண்டம் போன்ற பால் பண்டங்களைத் தள்ளும் பம்புகளில் கவனம் இருமடங்கு வேண்டும். மாங்கூழுக்குக் கிடைக்கும் புளிப்பின் பாதுகாப்பு பாலுக்கும் பனீருக்கும் கிடையாது.

ஆகவே எல்லாப் பம்புகளிலும் விலையுயர்ந்த இரட்டை ஸீல் பொருத்தவேண்டும் என்று வற்புறுத்துவது அறிவுடைமை ஆகாது. சிறு ஆலை அதனைத் தாங்காது, தேவையும் இல்லை. பம்பு எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டே ஸீல் தீர்மானிக்கப்படவேண்டும். சூடேற்றும் நிலைக்கு முன்னால் நிற்கும் பம்புக்கு, எளிதில் கழற்றிக் கழுவத்தக்க நல்ல ஒற்றை ஸீல் போதும். நாள்தோறும் கழற்றுவதாயின் அதுவே மேலானது. கிருமி நீக்கிய பின்னர் நிற்கும் பம்பில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. இந்நாட்டு ஆலைகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது: எந்தப் பம்பு பெரியதோ அதற்கு நல்ல ஸீல்; கடைசியில் நிற்கும் சிறிய பம்புக்குக் கையில் கிடைத்தது.

கழற்றாமலே கழுவும் ஸி.ஐ.பி. முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. குழாயில் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்திலாவது கழுவுநீர் ஓடவேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. மெதுவாகச் சுழலும் ஒற்றைத் திருகு பம்பு அவ்வளவு நீரைத் தன் வழியே விடாது. அதற்காக அதனை வேகமாக ஓட்டினால் சூடான காரத்தில் ஸ்டேட்டர் தேய்ந்துவிடும். ஆகவே பம்பின் உடலுக்குள் பக்கவாட்டில் நீரைச் சுழித்துப் பாய்ச்சும் துவாரமும், பம்பைச் சுற்றிச் செல்லும் மாற்றுக் குழாயும் தேவை. அவை இல்லாத பம்பில் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் ஓடிய நேரம் பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஸீலின் அருகே நீர் தேங்கி நின்றது எழுதப்பட்டிராது. இரட்டைத் திருகு பம்பு இவ்வகையில் வசதியானது. உணவை மெதுவாகவும் கழுவுநீரை வேகமாகவும் ஒரே பம்பு தள்ளும். அதன் விலை வேறு விஷயம்.

விலை என்றதும் டெண்டரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. கூட்டுறவுப் பால் நிலையங்களும் பொதுத்துறை ஆலைகளும் பம்பு வாங்கும்போது, கொள்ளளவு, குதிரைத்திறன், எஃகின் ரகம் ஆகியவற்றை எழுதி, குறைந்த விலை கூறியவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஸீலின் அமைப்பை எழுதாவிட்டால், குறைந்த விலை என்பது பெரும்பாலும் ஸீலிலிருந்தே குறைக்கப்பட்டிருக்கும். விற்பவரைக் குறைகூறிப் பயனில்லை. கேட்டதை அவர் கொடுத்தார். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் குறு உணவுத் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில், தகுதியான முதலீட்டில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, கடனோடு இணைந்த மானியமாக வகுக்கப்பட்டது. பொதுப்பணம் இவ்வாறு செல்லும் எந்தத் திட்டத்திலும், பம்பின் விலைப்பட்டியலில் ஸீலின் வகையும் ரப்பரின் வகையும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்ற ஒரே வரி சேர்க்கப்படுமாயின், அதனால் விளையும் நன்மை பல பயிற்சி முகாம்களால் விளைவதைவிட மிகுதியாக இருக்கும்.

பயிற்சியே வேண்டாம் என்பதன்று இதன் பொருள். இப்போது ஆலைகளில் சுகாதாரப் பயிற்சி பெறுவோர் மேற்பார்வையாளரும் பொதி கட்டுவோருமே. கிருமிகளின் வாசலைத் தன் கையால் திறந்து மூடுபவர் ஃபிட்டர். அவரை அப்பயிற்சிக்கு அழைப்பது அரிது. ஐ.டி.ஐ.யில் பயிலும் மாணவன் கசிவை நிறுத்தக் கற்றுக்கொள்கிறான். கசிவு இல்லாத ஸீலின் பின்னும் உணவு அழுகலாம் என்பதை அவனுக்குக் காட்டவேண்டும். ஸீல் வளையத்தின் முகத்தை விரலால் தொடலாகாது, சுத்தியலால் தட்டி ஏற்றலாகாது, கிரீஸ் இடவேண்டுமாயின் உணவுக்கு ஏற்றதென அனுமதிக்கப்பட்டதையே இடவேண்டும் என்பவை பத்து நிமிடத்தில் கற்பிக்கக்கூடியவை.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மரை மூடியுள்ள ஒரு பாட்டிலில் அரிசிக் கஞ்சியை நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, சில மணி நேரம் வைத்துக் கொட்டிவிடவேண்டும். மாணவர்கள் அதனை வழக்கம்போல் கழுவிக் கொண்டுவரட்டும். பின்னர் நீர்த்த அயோடினைப் பாட்டிலின் உட்புறத்திலும், மரையிலும், மூடிக்குள் இருக்கும் வளையத்தின் அடியிலும் சில துளிகள் இடவேண்டும். உட்புறம் பெரும்பாலும் நிறம் மாறாது. மரையிலும் வளையத்தடியிலும் கருநீலம் தோன்றும். கழுவிய மாணவன் அதை நம்பமாட்டான். மறுபடி கழுவிவரச் சொன்னால் மறுபடியும் நீலமே தோன்றக்கூடும்.

கள ஊழியர்கள் ஆலைக்குச் செல்லும்போது பம்பைத் திறக்கச் சொல்ல எப்போதும் வாய்ப்பிராது. ஆனால் கடைசியாகக் கழற்றிய ஸீலைக் காட்டும்படி கேட்கலாம். பெரும்பாலும் அது எறியப்பட்டிருக்கும். எறியாமல், கழற்றிய தேதியும் பம்பின் எண்ணும் எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் வைக்கும்படி ஃபிட்டரிடம் கூறுவது நன்று. முகத்தில் தேய்ந்த வளையம் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் தண்டு நேராக இல்லை. மையத்திலிருந்து ஓரம் நோக்கி மெல்லிய வெடிப்புகள் ஓடினால் பம்பு வறண்டு ஓடியிருக்கிறது. ஓ-ரிங் உப்பியிருந்தால் ரப்பரின் வகை தவறு. அதன் பின்புறத்தில் பழுப்பு நிறப் படிவு இருந்தால், கழுவிய நாட்களிலெல்லாம் அவ்விடம் கழுவப்படவில்லை; பதிவேட்டையும் அந்த வளையத்தையும் ஒரே மேசைமேல் வைத்து ஆலை நிர்வாகியோடு பேசலாம்.